இரண்டு மாதம், ஒரு வருடம், பத்து வருடம்: யாழ்ப்பாணத்தில் காணி, கடன், குடும்பப் பிணக்கு வந்தால் எங்கே தொடங்குவது?

நொத்தாரிசு (காணி உறுதிகளை எழுதி அத்தாட்சிப்படுத்துபவர்) ஒருவரின் கந்தோரில் எழுதுவினைஞராக இருந்த காலத்தில், கையில் ஒரு சொப்பிங் பையோடு வந்து நிற்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பைக்குள் உறுதி (காணிப் பத்திரம்), இறப்புப் பத்திரம், பொலிசில் கொடுத்த துண்டு, தண்ணீர் பட்டு மடிப்போடு கிழிந்த பிளான் எல்லாம் இருக்கும். "அண்ணை, மூன்று மாதமாய் அலையிறன். விதானையார் பொலிசுக்குப் போகச் சொல்லுறார், பொலிஸ் கோட்டுக்குப் போகச் சொல்லுது." மூன்று மாதம் என்ற சொல்லைக் கேட்டதும் மனம் பதறும். அவர் தேடி வந்த பரிகாரத்துக்குச் சட்டம் வைத்திருக்கும் கணக்கு இரண்டு மாதம்.

தமிழகத்து முகாமிலிருந்து திரும்பி வந்தவர்கள், கொழும்பிலேயே வளர்ந்து இப்போது அப்பாவின் காணியைப் பார்க்க வந்திருப்பவர்கள், வெளிநாட்டிலிருந்து விடுமுறையில் வந்து பிணக்கில் மாட்டிக்கொண்டவர்கள், கோட்டுப் படியே மிதிக்காத நம் ஊர் இளம் குடும்பங்கள் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன். உங்கள் வழக்கை ஒரு சட்டத்தரணிதான் பார்க்க வேண்டும். அவரிடம் போகும்வரை நாளையும் காகிதத்தையும் கைநழுவ விடாமல் இருக்க இது உதவும்.

பிணக்கு வந்த அன்றே

ஒரு கொப்பி எடுங்கள். திகதி, நேரம், யார் வந்தார், என்ன செய்தார், யார் பார்த்துக்கொண்டு நின்றார் என்று எழுதுங்கள். வேலி பிடுங்கப்பட்டிருந்தால், பிடுங்கின கதியாலும் கிடங்கும் தெரியப் படம் எடுங்கள். பிறகு பொலிசில் முறைப்பாடு பதிந்து, அதன் இலக்கத்தையும் திகதியையும் அதே கொப்பியில் குறியுங்கள். முறைப்பாட்டை நீங்கள் சொன்னபடி தமிழில் எழுதியிருக்கிறார்களா என்று வாசித்துப் பார்த்தபிறகே கையெழுத்து வையுங்கள். அவசரத்தில் "என் காணிக்குள் வந்தார்" என்பதை "காணி தொடர்பான வாய்த்தர்க்கம்" என்று எழுதிவிட்டால், பின்னால் அந்த வரியைத் திருத்த முடியாமல் தவிப்பீர்கள்.

பலருக்குத் தெரியாத ஒன்று: பொலிசுக்கோ விதானையார் என்று நாம் சொல்லும் கிராம அலுவலருக்கோ காணி யாருடையது என்று தீர்மானிக்கும் அதிகாரம் கிடையாது. விதானையார் தரும் கடிதம் நீங்கள் அங்கே வசிக்கிறீர்கள் என்பதற்குச் சான்றாகலாம், உரித்துக்கு (சொத்துரிமைக்கு) ஆகாது. பொலிஸ் நிலையத்தில் வைத்து "காணியை விட்டுக் கொடுக்கிறேன்" என்று எழுதச் சொன்னால் எழுதாதீர்கள். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டப்படி காணி விற்பனையும் கைமாற்றமும் ஈடும் (அடமானமும்) நொத்தாரிசு முன்னும் இரண்டு சாட்சிகள் முன்னும் எழுதப்பட்டால்தான் செல்லும். ஆனால் நீங்கள் பொலிசில் எழுதிக் கொடுத்த அந்தத் தாள் உங்களுக்கு எதிரான சாட்சியமாகப் பிறகு நீதிமன்றத்தில் வந்து நிற்கும்.

காகிதங்களைச் சேர்த்தல்

உறுதி இல்லையென்றால் எல்லாம் போயிற்று என்று பலர் ஒடிந்துபோகிறார்கள். 1995 ஒக்ரோபர் கடைசியில் வலிகாமமே எழும்பி நடந்தபோது அரிசியைத் தூக்கியவர்கள் உறுதியை விட்டார்கள், உறுதியைத் தூக்கியவர்கள் பிளானை விட்டார்கள். உறுதி எழுதும்போது ஒரு பிரதி நொத்தாரிசிடம் தங்கும், இன்னொன்று காணிப் பதிவகத்துக்குப் போகும். ஆகவே உறுதி இலக்கமும் நொத்தாரிசின் பெயரும் ஏறத்தாழ எந்த ஆண்டு என்பதும் தெரிந்தால் அத்தாட்சிப்படுத்திய பிரதி எடுக்க வழியுண்டு. அதுவும் தெரியாவிட்டால் பக்கத்துக் காணிக்காரரின் உறுதியைப் பாருங்கள். அதில் எல்லை சொல்லும் இடத்தில் உங்கள் பேரனாரின் பெயர் இருக்கும். காணியின் பெயரும் அங்கேயே கிடைக்கும்.

அடுத்தது தோம்பு. பதிவகத்தில் ஒவ்வொரு காணிக்கும் உள்ள பதிவேட்டுப் பக்கத்தைப் பார்த்தால் யார் யாருக்கு எழுதினார், ஈடு கிடக்கிறதா, வழக்குப் பதிவாகியிருக்கிறதா என்று தெரியும். காணி வாங்கப் போகிறவர் அட்வான்ஸ் கொடுக்குமுன் இதைச் செய்ய வேண்டும். ஒரே காணியை இரண்டு பேருக்கு எழுதினால், நல்லெண்ணத்தோடு காசு கொடுத்து வாங்கி முதலில் பதிந்தவருக்கே முன்னுரிமை. உறுதி முடித்த கையோடு பதிவு நடந்ததா என்று நொத்தாரிசிடம் கேட்டு அறிவது உங்கள் பொறுப்பு.

உறுதியின் அட்டவணையை (காணியின் அளவும் எல்லையும் சொல்லும் பகுதியை) வாய்விட்டு ஒருமுறை வாசியுங்கள். 1 பரப்பு என்பது 10 பேர்ச், 16 பரப்பு 1 ஏக்கர். கொழும்பிலிருந்து வந்தவர்கள் பேர்ச்சில் கேட்க, ஊர்க்காரர் பரப்பில் சொல்ல, கணக்கு சறுக்கிவிடும். நாலு எல்லைக்கும் பிறகு வரும் கடைசி வரி முக்கியம்: "கிணற்றில் பங்கும் வழி வாய்க்கால் பங்கும்." அந்த வரி இல்லாமல் ஒரு உட்காணியை வாங்கிவிட்டுப் படலை வைக்க இடமில்லாமல் நிற்பவர்களைப் பார்த்திருக்கிறேன். நில அளவையாளரைக் கூட்டிச் சென்று அளந்து, உறுதியில் உள்ளதும் நிலத்தில் உள்ளதும் ஒன்றா என்று பார்த்தபிறகு காசைக் கொடுங்கள்.

வேலி, ஆட்சி, நாட்கணக்கு

ஒரு காணியில் இருந்து உங்களை ஒருவர் வலுக்கட்டாயமாக வெளியேற்றினால் முதலில் பார்க்க வேண்டியது 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66ஆம் பிரிவு. நம் பகுதியில் நீதவான் நீதிமன்றத்திலேயே இது நடக்கும். காணிப் பிணக்கால் அமைதி குலையும் நிலை வந்தால் பொலிஸ் அறிக்கை கொடுக்கலாம். பொலிஸ் அசையாவிட்டால் நீங்களே சத்தியக்கடதாசியோடு (சத்தியம் செய்து எழுதிய வாக்குமூலத்தோடு) போகலாம். அறிக்கை போட்ட நாளில் யார் ஆட்சியில் இருந்தார் என்பதையே நீதவான் பார்ப்பார். அதற்கு முந்திய இரண்டு மாதத்துக்குள் உங்களை வெளியேற்றியிருந்தால் உங்களைத் திரும்ப இருத்தச் சொல்ல முடியும். காணி யாருடையது என்பதை இங்கே முடிவுசெய்ய மாட்டார்கள், அது மாவட்ட நீதிமன்றத்தின் வேலை. அதனால் உறுதியை மட்டும் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். மின்சாரப் பட்டியல், தேங்காய் பறித்தவரின் சத்தியக்கடதாசி, வேலி அடைத்த கூலிக்காரர் போன்று நீங்கள் அங்கே இருந்தீர்கள் என்று காட்டும் எதுவும் உதவும்.

இரண்டு மாதம் கடந்துவிட்டதா? ஒரு வருடத்துக்குள் மாவட்ட நீதிமன்றத்தில் ஆட்சியை மீட்கும் வழக்குப் போடலாம். அதற்கு உரித்தை நிரூபிக்க வேண்டியதில்லை. அதுவும் கடந்தால் உரித்து வழக்குத்தான். அது நீளும்.

பிறகு பத்து வருடம். 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டப்படி, உரித்தாளருக்கு எதிராக, இடையூறின்றி, பத்து வருடம் ஒருவர் ஆண்டால் காணி அவருடையதாகலாம். இதைக் கேட்டுவிட்டு வெளிநாட்டில் இருப்பவர்கள் அஞ்சுகிறார்கள், காணியைப் பார்க்கவென விடப்பட்டவர்களில் சிலர் துணிகிறார்கள். இரண்டு பக்கமும் அரைகுறையாகக் கேட்டதுதான் காரணம். உங்கள் அனுமதியோடு வந்து இருப்பவர் அனுமதியோடு இருக்கும் வரை எத்தனை வருடம் இருந்தாலும் அது எதிரான ஆட்சி ஆகாது. சகோதரர்களுக்குள்ளும் அப்படியே. தாய் வீட்டில் அண்ணன் இருபது வருடம் இருந்தார் என்பதால் தங்கையின் பங்கு அழிந்துவிடாது. ஒரு பங்காளியின் ஆட்சி எல்லாப் பங்காளிக்குமான ஆட்சி என்பதை அக்காலத்தில் நமக்கு இறுதி மேன்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் 1911இலேயே சொல்லிவிட்டது. மற்றவர்களைப் புறந்தள்ளி, "இது எனக்குத்தான்" என்று வெளிப்படையாக ஆளத் தொடங்கிய நாளிலிருந்துதான் கணக்கு ஓடும். உரித்தாளர் கடல் கடந்து இருந்த காலத்துக்கும் சில விதிவிலக்குகள் உண்டு, அதைச் சட்டத்தரணியிடம் திகதிகளோடு கேளுங்கள். போர்க்கால இடப்பெயர்வால் உரிமை கோர முடியாமல் போனவர்களுக்காக 2016இல் ஒரு விசேட சட்டம் வந்தது. அதில் தந்த இரண்டு வருட அவகாசம் முடிந்துவிட்டது.

எங்கள் வீட்டிலேயே இந்த வலி உண்டு. அம்மா ஒரு குடும்பத்தை இரக்கப்பட்டுக் காணியில் இருத்தினார். "நாங்கள் வரும்வரை இருங்கோ" என்றார். ஒரு வரி எழுதி வாங்கவில்லை. சட்டம் எங்கள் பக்கம்தான் இருந்தது, ஆனால் அம்மா சொன்ன சொல்லுக்குச் சாட்சி அம்மா மட்டும்தான், அவரும் வழக்கு முடியுமுன் போய்விட்டார். ஆகையால் காணியில் யாரையேனும் இருத்தினால், "பார்த்துக்கொள்வதற்காக உங்கள் அனுமதியோடு இருக்கிறேன்" என்று திகதியிட்ட கடிதம் வாங்குங்கள். வருடத்துக்கு ஒருமுறை புதுப்பியுங்கள். சொந்தக்காரரிடம் கேட்க வெட்கமாகத்தான் இருக்கும். கேளுங்கள்.

வெறுங்காணிகளில் இன்னொரு பொறி: "பத்து வருடத்துக்கு மேல் ஆண்டு வருகிறேன்" என்று தானே சொல்லி எழுதுவிக்கும் பிரகடன உறுதி. அவர் சொன்னதை நொத்தாரிசு எழுதியிருக்கிறார், அவ்வளவுதான். எந்த நீதிமன்றமும் அதை ஆராய்ந்து ஏற்கவில்லை. அப்படியொரு உறுதியை அடியாகக் கொண்ட காணி மலிவாக வந்தால் பழைய தோம்பைப் பார்க்காமல் வாங்காதீர்கள்.

தேசவழமை கேட்கும் கேள்விகள்

யாழ்ப்பாணத் தமிழர் குடும்பத்தில் காணி விற்பதோ பிரிப்பதோ என்றால் அவர்களின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமை உள்ளே வரும். ஒல்லாந்தர் காலத்தில், 1707இல் எழுத்தில் தொகுக்கப்பட்டு, 1806இல் ஆங்கிலேயரால் சட்டவலு பெற்றது. 1911இலும் 1947இலும் வந்த சட்டங்கள் அதைத் திருத்தின.

முதுசம், சீதனம், தேடிய தேட்டம் மூன்றையும் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். பெற்றோர் வழி வந்தது முதுசம். மகளுக்குக் கலியாணத்தில் கொடுத்தது சீதனம். கலியாண காலத்தில் காசு கொடுத்துத் தேடியது தேடிய தேட்டம். கணவனோ மனைவியோ இறந்தால், இறந்தவருக்குரிய தேடிய தேட்டத்தில் மரணசாதனம் (உயில்) எழுதி வைக்காத பகுதியில் பாதி மற்றவருக்கும் மீதிப் பாதி வாரிசுகளுக்கும் போகும். ஆகவே கலியாணத் திகதியும் உறுதித் திகதியும் பக்கத்தில் பக்கத்தில் வேண்டும். கலியாண எழுத்து எழுதாத குடும்பங்கள் இங்கேதான் திண்டாடுகின்றன.

தேசவழமைக்கு உட்பட்ட மணமான பெண் தன் பெயரிலுள்ள காணியை உயிரோடு இருக்கும்போது விற்கவோ கொடுக்கவோ கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். சீதனக் காணியாக இருந்தாலும் அப்படித்தான். மரணசாதனம் எழுத அது தேவையில்லை. கணவன் கைவிட்டுப் போயிருந்தால் அல்லது காரணமின்றி மறுத்தால் மாவட்ட நீதிமன்றம் அந்தச் சம்மதத்தைத் தரலாம். நொத்தாரிசு "அவரைக் கூட்டிக்கொண்டு வாங்கோ" என்றதும் காணியை விற்கும் எண்ணத்தையே கைவிட்ட பெண்களை எனக்குத் தெரியும். பிள்ளையின் படிப்புக்கோ சிகிச்சைக்கோ தன் சொத்தை எடுக்க முடியாமல் அவர்கள் தவித்திருக்கிறார்கள். தங்கச்சி, அந்த வழி அடைபடவில்லை, மாவட்ட நீதிமன்றத்தில் கேளுங்கள்.

பங்குக் காணி விற்கும்போது மற்றப் பங்காளிகளுக்கும், விற்பவரின் வாரிசாகக் கூடியவர்களுக்கும் முதலில் வாங்கும் உரிமை உண்டு. இது 1947ஆம் ஆண்டின் 59ஆம் இலக்கச் சட்டத்தில் இருக்கிறது. அவர்களுக்கு முறையாக அறிவித்தல் கொடுக்காமல் வெளியாருக்கு விற்றால் அந்த விற்பனையை அவர்கள் நீதிமன்றத்தில் கேள்விக்கு உட்படுத்தலாம். வாங்குபவர்தான் இதில் அதிகம் இழப்பார். "பங்காளிகளுக்கு அறிவித்தல் போனதா?" என்று கேட்டு, அந்தக் காகிதத்தைக் கண்ணால் பாருங்கள்.

பிரிக்காத காணியைப் பிரிக்க எல்லோரும் உடன்பட்டால் பிளான் போட்டுப் பங்கீட்டு உறுதி எழுதலாம். இது மலிவு, உறவும் மிஞ்சும். ஒருவர் மறுத்தாலும் 1977ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டப்படி மாவட்ட நீதிமன்றத்தில் பிரிவினை வழக்குத்தான். அதன் தீர்ப்பு எல்லோரையும் கட்டுப்படுத்தும் இறுதித் தீர்ப்பு என்பதால், அறிவித்தல் வந்தால் "எனக்கென்ன" என்று இருக்கக் கூடாது. வராமல் இருந்தவரின் பங்கும் போய்விடும்.

வெளிநாட்டு உறவுக்கு இரண்டு சொல். இலங்கைக் குடியுரிமையை இழந்தவர் 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் காணி வாங்கத் தடை உண்டு. இரட்டைக் குடியுரிமை உள்ளவருக்குத் தடையில்லை, நெருங்கிய உறவினரிடமிருந்து வாரிசாகவோ நன்கொடையாகவோ வருவதற்கும் விலக்கு இருக்கிறது. அற்றோர்ணித் தத்துவம் (தனக்காக இன்னொருவர் செயற்பட எழுதிக் கொடுக்கும் அதிகாரம்) கொடுத்தவர் இறந்தால் அந்தத் தத்துவமும் அன்றோடு முடியும். கனடாவில் பெரியப்பா இறந்த பிறகு அவருடைய தத்துவத்தை வைத்து எழுதிய உறுதி வெறும் கடதாசி.

வாடகை வீடு

ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகையை நொத்தாரிசு முன் எழுதுங்கள். முற்பணம் எவ்வளவு, எப்போது திரும்பக் கிடைக்கும், திருத்த வேலை யாருடையது என்பன அதில் இருக்க வேண்டும். வாடகைக்குப் பற்றுச்சீட்டு தராதவருக்கு வங்கியில் போடுங்கள். வீட்டுக்காரர் வாடகை நிலுவை என்று பூட்டை மாற்றவோ கரண்டை வெட்டவோ முடியாது. நீதிமன்றக் கட்டளையோடு பிஸ்கால் (கட்டளையை நிறைவேற்றும் நீதிமன்ற அலுவலர்) வந்துதான் வெளியேற்றலாம். பூட்டை மாற்றிவிட்டால் மேலே சொன்ன அதே 66ஆம் பிரிவு, அதே இரண்டு மாதம்.

கடன்

வாய்ப்பேச்சில் கொடுத்த காசுக்கு மூன்று வருடத்துக்குள் வழக்குப் போட வேண்டும். நோட்டு (கடனைத் தருவதாக எழுதிய உறுதிச்சீட்டு) அல்லது வேறு எழுத்து இருந்தால் ஆறு வருடம், காணி ஈட்டுக்குப் பத்து வருடம். இடையில் கடன்காரர் ஒரு தொகை கட்டினால் அல்லது "தரவேண்டியிருக்கிறது" என்று எழுதிக் கையெழுத்து வைத்தால் கணக்கு திரும்பத் தொடங்கும். "பிறகு தாறன்" என்று வாயால் சொன்னது போதாது.

கடன் வாங்குபவர் வெற்று நோட்டில் கையெழுத்து வைக்கக் கூடாது. 1918ஆம் ஆண்டின் கடன் வழங்கல் சட்டம், நோட்டில் உண்மையாகக் கொடுத்த முதல், முன்கூட்டியே கழித்த வட்டி, வட்டி வீதம் மூன்றும் தனித்தனியே எழுதப்பட வேண்டும் என்கிறது. அவை இல்லாத நோட்டை வைத்து அறவிடுவது கடினம். அதைப்போல, தனியாள் கொடுத்த கடனில் வட்டி நிலுவையாக நீதிமன்றம் தீர்க்கக்கூடிய தொகை முதலைத் தாண்ட முடியாது. 1 இலட்சம் வாங்கியவரிடம் 4 இலட்சம் வட்டி கேட்பவருக்கு இந்தச் சட்டம் தெரியும், உங்களுக்குத் தெரியாது என்பதுதான் அவர் பலம். காசோலை மட்டும் கவனம். கணக்கில் காசில்லை என்று தெரிந்து எழுதினால் அது குற்றவியல் விடயமாகிவிடும்.

கிழமைக் கடன் எடுத்த பெண்களிடம் இரவில் வந்து முற்றத்தில் நின்று கத்துபவர்கள் இருக்கிறார்கள். கடனைத் திருப்பிக் கட்ட முடியாமல் இருப்பது குற்றமல்ல. மிரட்டுவதும் தூஷணம் பேசுவதும் வீட்டுப் பொருளைத் தூக்குவதும் குற்றம். அதற்கு முறைப்பாடு போடுங்கள். கடன் புத்தகத்தில் கட்டிய ஒவ்வொரு தொகைக்கும் கையெழுத்து இருக்கிறதா பாருங்கள். பிணை நிற்கச் சொல்லி அயல்வீட்டு அக்கா கேட்டால், அவர் கட்டாவிட்டால் நான் கட்டுவேனா என்று உங்களையே கேட்டுவிட்டுக் கையெழுத்து வையுங்கள்.

சிறிய தொகைப் பிணக்குகள் பலவும் முதலில் 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தில் அமைந்த மத்தியஸ்த சபைக்குப் போயே ஆகவேண்டும். அங்கே சட்டத்தரணி பேச முடியாது, நீங்களே பேசுவீர்கள். வேலிச் சண்டையும் அங்கே தீர்வதுண்டு, காணிப் பிணக்குக்கென விசேட சபைகளும் வடக்கில் இயங்குகின்றன. சபைக்குப் போவதைக் கௌரவக் குறைச்சலாக நினைத்து வழக்குப் போட்ட குடும்பங்கள் பிள்ளைகளின் கலியாணத்துக்கும் ஒன்றுசேராமல் போனதைக் கண்டவன் நான். இணக்கம் வராவிட்டால் தரும் சான்றிதழைப் பத்திரப்படுத்துங்கள், வழக்குக்கு அது வேண்டும்.

குடும்பம்

கணவன் பார்க்கவில்லை என்றால் விவாகரத்து எடுத்தால்தான் காசு கேட்கலாம் என்று நினைக்காதீர்கள். 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கச் சட்டப்படி தாபரிப்பு வழக்கை நீங்கள் வசிக்கும் இடத்து நீதவான் நீதிமன்றத்திலேயே போடலாம். கலியாண எழுத்து இல்லாத உறவில் பிறந்த பிள்ளைக்கும் கேட்கலாம். 18 முதல் 25 வயதுவரையான, தன்னைத் தானே பார்க்க முடியாத பிள்ளைக்கும் உரிமை உண்டு. பிள்ளையின் பிறப்புப் பத்திரம், தகப்பனின் தொழில் பற்றித் தெரிந்த விபரம், மாதச் செலவுக் கணக்கு மூன்றையும் கொண்டு செல்லுங்கள்.

அடி, மிரட்டல் என்றால் 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கச் சட்டம். நீதவான் உடனடியாக இடைக்காலப் பாதுகாப்புக் கட்டளை தரலாம். விசாரணைக்குப் பிறகு தரும் கட்டளை 12 மாதம் வரை செல்லும். அடித்தவரை வீட்டுக்குள் வரவேண்டாம் என்றும் சொல்ல முடியும், வீடு அவர் பெயரில் இருந்தாலும். பொலிசும் உங்களுக்காக விண்ணப்பிக்கலாம். பெண்களுக்கான உதவி இலக்கம் 1938, சிறுவருக்கு 1929. காயத்துக்கு ஆஸ்பத்திரிக்குப் போனால் எப்படி வந்தது என்பதை மறைக்காமல் சொல்லுங்கள், அந்த வைத்திய அறிக்கைதான் சாட்சி.

விவாகரத்து மாவட்ட நீதிமன்றத்தில். பிறர்மனைத் தொடர்பு, வேண்டுமென்றே கைவிட்டுச் செல்லல், கலியாணத்தின்போதே இருந்த தீராத ஆண்மைக்குறை ஆகிய மூன்றும்தான் பொதுச் சட்டத்தின் காரணங்கள். இருவரும் ஒத்துக்கொண்டார்கள் என்பது மட்டும் போதாது.

முதியவர்களிடம் ஒரு வேண்டுகோள். இருக்கிற ஒரே வீட்டைப் பிள்ளைக்கு எழுதும்போது சீவிய உருத்தை (உயிருள்ளவரை அங்கே இருக்கும் உரிமையை) வைத்துக்கொண்டு எழுதுங்கள். எழுதிக் கொடுத்த பிறகு பிள்ளை பார்க்காவிட்டால், கொடிய நன்றிகேட்டைக் காரணங்காட்டி நன்கொடையை ரத்துச் செய்ய வழக்குப் போடலாம். 60 வயது கடந்தவர் பிள்ளைகளிடம் பராமரிப்புக் கேட்க 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தில் தனிச் சபையே இருக்கிறது. ஆனால் அந்த வயதில் எந்தப் படியும் ஏறாமல் இருப்பதே நல்லது.

காணாமல் ஆக்கப்பட்டவரின் பெயரில் காணியோ வங்கிக் கணக்கோ இருந்தால், இறப்புப் பத்திரம் எடுக்க மனம் ஒப்பாதவர்களுக்கு, அவரைக் காணவில்லை என்று உறுதிப்படுத்தும் சான்றிதழ் 2016இலிருந்து உண்டு. அதை எடுப்பதால் தேடுவதை நிறுத்தியதாக ஆகாது. பிரதேச செயலகத்தில் கேளுங்கள்.

சட்டத்தரணியிடம் போகும் நாள்

மாவட்டத்தில் யாழ்ப்பாணம், மல்லாகம், சாவகச்சேரி, பருத்தித்துறை, ஊர்காவற்றுறை என்று நீதிமன்றங்கள் இருக்கின்றன. காணி எங்கே கிடக்கிறதோ அந்த நியாயாதிக்கத்தில் வழக்கு. நடவடிக்கைகள் தமிழில்தான், ஆகவே உங்கள் முறைப்பாட்டை நீங்களே வாசித்து விளங்கலாம். காசு வசதி இல்லாதவருக்குச் சட்ட உதவி ஆணைக்குழு உண்டு, 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தில் அமைந்தது. அடையாள அட்டையும் வருமானம் காட்டும் கடிதமும் கொண்டு போங்கள்.

ஒரிஜினல்களை யாரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள், போட்டோகொப்பி கொடுங்கள். கொடுக்கும் காசுக்குத் துண்டு வாங்குங்கள். உங்களுக்கு எதிரான விடயத்தையும் அவரிடம் சொல்லிவிடுங்கள், எதிராளியின் வாயிலிருந்து அவர் அதை முதன்முதலில் கேட்கக் கூடாது. கடைசியாக, அந்தக் கொப்பியின் முதல் பக்கத்தில் பிணக்கு நடந்த திகதியை எழுதி, அதன் கீழே இரண்டு மாதம் முடியும் திகதியை எண்ணி எழுதி, சிவப்பில் வட்டம் போட்டுக்கொண்டு போங்கள். இருந்தவுடன் அவரிடம் முதலில் காட்ட வேண்டியது அந்தப் பக்கம்.